சூளை மூடும்வரை

“மட்டையை முழுசாத் திணிக்காதளா. ரெண்டாப் பொளந்து போடு. சூளைக்கும் தொண்டைன்னு ஒண்ணு இருக்குல்லா?”

பேச்சித்தாய் இதைச் சொன்னபோது முத்துராணி பனை மட்டையைப் பாதிக்கு மேல் சூளை வாய்க்குள் தள்ளியிருந்தாள். தீ அதன் நுனியை ஏற்கெனவே கவ்வியிருந்தது. ஆனாலும் மாமியார் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. வெளியே இழுத்து, தரையில் போட்டு மிதித்து, அரிவாளால் இரண்டாகப் பிளந்து மறுபடி உள்ளே விட்டாள்.

“இப்பம் சரியா அத்தை?”

“இப்பம் பாரு, பாயசம் மாதிரி குடிக்கும்.”

“நீங்க வந்து ரெண்டு மட்டை போடுங்களேன். நானும் ஒரு நாளைக்கு நாற்காலியில இருந்து நாட்டாமை பண்ணிப் பாக்கேன்.”

“ஒனக்கு இந்த நாற்காலி தாங்காதுளா. ஒடிஞ்சிரும்.”

சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையோரத்தில் இருந்தது வேளார் தெருவின் பொதுச் சூளை. தெருவில் எத்தனை வீடோ அத்தனை வீட்டுப் பானையும் இப்போது அதன் வயிற்றுக்குள். மார்கழி முடியப்போகிறது. உள்ளே இருப்பதெல்லாம் பொங்கல் பானை. பொங்கல் கழிந்து வெந்தால் அந்தப் பானைகளைக் காக்காய்க்குத் தண்ணீர் வைக்கத்தான் கொடுக்க வேண்டும்.

விடியலில் பைய மூட்டிய தீ, இந்த உச்சி வெயிலில் முழு வேகம் பிடித்திருந்தது. சூளைக்கு இரண்டு வாய். கிழக்கு வாயில் முத்துராணி. மேற்கு வாயில் அவள் புருஷன் சுடலைமணி. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் வைக்கோலும் மண்ணும் பூசிய சூளை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இரண்டு வாயையும் ஒரே சமயத்தில் பார்க்கிற மாதிரி, தெற்குப் பக்கத்துப் பூவரச மரத்தடியில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு குடையையும் கட்டி உட்கார்ந்திருந்தாள் பேச்சித்தாய். எண்பதைத் தாண்டிவிட்டாள். வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது.

“நிலோபரு இன்னைக்கு வாறேன்னாளே, வந்தாளா?”

“வருவா. என்னத்துக்கு அவசரம்?”

“அந்தச் சப்பான் கெழவி எனக்கு மூத்தவளா எளையவளான்னு கேட்டுச் சொல்லச் சொன்னேன்லா?”

நிலோஃபர் திருநெல்வேலியில் மண்பாண்டக் கடை வைத்திருக்கிற பெண். மேலப்பாளையத்துக்காரி. டிசைன் படித்தவள். ஜப்பானில் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் தெருவே கூடிச் சூளை வைப்பதை ஒருநாள் செல்போனில் காட்டினாள். அதில் ஒரு கிழவி சின்னக் கிண்ணங்களுக்கு வைக்கோல் சுற்றி உள்ளே அடுக்கினாள். வெந்து வெளியே வந்தபோது, வைக்கோல் கிடந்த இடமெல்லாம் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது.

பேச்சித்தாய் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். “முட்டி போட்டுல்லா இருக்கா. இவளுக்கு முட்டு வலியே கெடையாதா?” என்பது முதல் கேள்வி. “அந்த ஊரு வைக்கலு என்ன நம்ம ஊரு வைக்கலவிட ஒசத்தியா?” என்பது இரண்டாவது. மறுநாளே நெல் வைக்கோலை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, கலயங்களில் சுற்றி, மூடிய பானைக்குள் வைத்துச் சுட ஆரம்பித்தாள். முதல் தடவை கரி அப்பிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை அதைவிட மோசம். “மதினி கலயத்துக்குக் கண்மை பூசுதா” என்று தெருவே சிரித்தது. “சிரிங்கவே. நானும் சிரிச்சிட்டுத்தான் இருக்கேன்” என்று அவள் மூன்றாவது தடவையாகச் சுற்றி வைத்த கலயங்களும் இந்தச் சூளைக்குள்தான் இருந்தன.

“ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வா. தீ எங்கயும் ஓடிப் போவாது” என்றாள் பேச்சித்தாய்.

முத்துராணி அடிகுழாய் வரைக்கும் போய் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கட்டு மட்டையைப் பிரித்துப் போட்டாள். இன்னொரு கட்டையும் போட்டாள். வேண்டுமென்றே ஒரு மட்டையைப் பிளக்காமல் முழுசாகத் திணித்தாள்.

சத்தம் வரவில்லை.

முத்துராணி திரும்பிப் பார்த்தாள். பேச்சித்தாய் மரத்தில் தலை சாய்த்திருந்தாள். தலைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது. கண் மூடியிருந்தது. மடியில் ஒரு கை மண்ணுருண்டையைப் பிடித்தபடி இருந்தது.

“அத்தை.”

கிட்டே போனாள். மூக்கருகில் விரலை வைத்தாள், மூச்சு இல்லை. மண்ணுருண்டை பிடித்த கையைத் தொட்டாள். அவ்வளவு அனல் அடிக்கிற இடத்தில் அந்தக் கை மட்டும் ஆறிப்போயிருந்தது.

தொண்டைக்குள் ஒரு சத்தம் திரண்டு மேலே வந்தது. வாயைத் திறந்தால் அது அம்பாசமுத்திரம் வரைக்கும் கேட்டிருக்கும். முத்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரணம் இருந்தது. தெருவில் ஒரு சாவு விழுந்து துட்டி ஆகிவிட்டால், பிணம் எடுக்கும்வரை சூளைக்கு ஒரு சுள்ளிகூடப் போடக்கூடாது. அந்தத் தெரு உண்டான நாளிலிருந்து இருக்கிற வழக்கம் அது. முன்பு ஒரு மார்கழியில் அப்படித்தான் ஒரு பெரியவர் சூளை பாதியில் எரிகிறபோது போய்ச் சேர்ந்தார். தீயை நிறுத்தினார்கள். வேகாத பானைகள் தண்ணீர் ஊற்றியதும் கரைந்தன. அந்த வருஷம் பானை செய்கிற தெருவில், வாசலுக்கு வாசல் எவர்சில்வர் பானையில் பொங்கல் பொங்கியது. சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பேச்சித்தாய்க்கு அந்த அவமானம் கடைசி வரை ஆறவில்லை. “சாவதுக்கு ஒரு நேரங்காலம் வேண்டாமா மனுசனுக்கு?” என்று அந்தப் பெரியவரை வருஷா வருஷம் பொங்கலன்று திட்டுவாள்.

“இப்பம் நீங்க என்ன பண்ணியிருக்கீங்க அத்தை?” என்று முத்துராணி மெதுவாகக் கேட்டாள்.

இன்னும் சாயங்காலம் வரைக்கும் தீ போட வேண்டும். அதுவரை இது யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமாகச் சுடலைமணிக்குத் தெரியக்கூடாது. அவன் டிவியில் யாரோ யாரையோ பிரிந்தாலே அழுகிற ஆள். தங்கச்சி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து ரசத்துக்குள் கண்ணீர் விட்டவன். அம்மா போய்விட்டாள் என்று தெரிந்தால் அவன் போடுகிற சத்தத்தில் சூளையே விண்டுபோகும்.

முத்துராணி மாமியாரின் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டாள். கீழே நழுவியிருந்த ஒரு காலை எடுத்து நேராக வைத்தாள். கிழக்கு வாய்க்குப் போய் மட்டையை எடுத்து, ஒழுங்காக இரண்டாகப் பிளந்து போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பெருமாள்ராஜ் துண்டை உதறிக்கொண்டு வந்தார். தெருப் பெரியவர். பேச்சித்தாயின் புருஷனுக்குத் தம்பி முறை. சூளை போதும் என்று சொல்லும் உரிமை பேச்சித்தாயுடையது. போதாது என்று சண்டை போடும் உரிமை பெருமாள்ராஜுடையது. இருவரும் நாற்பது வருஷமாக அந்த உரிமைகளை விட்டுக்கொடுத்ததில்லை.

“என்ன மதினி, சூளை என்ன சொல்லுது?” என்றபடி நாற்காலிக்குக் கிட்டே போனார்.

முத்துராணி மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “மாமா, எழுப்பாதீங்க. இப்பந்தான் அசந்து தூங்குதாவ.”

“தூங்குதாளா?”

“ராத்திரி முழுக்க இருமல். தூங்கட்டும்.”

பெருமாள்ராஜ் குனிந்து மதினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, வெயில் பேச்சித்தாயின் முகத்தில் விழாதபடி குடையைத் திருப்பி வைத்தார். “தூங்குனா தூங்கட்டும். அவ தூங்கும்போதுதான் நமக்கு நிம்மதி” என்று சொல்லிவிட்டு மேற்குப் பக்கம் போனார். நல்லவேளை, கிழவருக்குக் கண்பார்வை மட்டு என்று முத்துராணி மூச்சுவிட்டாள்.

அடுத்து இசக்கிச்செல்வி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. சூளை நாளில் எல்லோருக்கும் காப்பி அவள் பொறுப்பு. அவள் காப்பியைக் குடித்துவிட்டு, “இது காப்பியா, கழனித் தண்ணியா?” என்று கேட்பது பேச்சித்தாயின் பொறுப்பு.

“அத்தை தூங்குதாவ” என்றாள் முத்துராணி, அவள் கேட்பதற்கு முன்பே.

இசக்கிச்செல்வி தம்ளரோடு நாற்காலி முன்னால் நின்றாள். குனிந்து பார்த்தாள். தம்ளரைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, “சீனி கூடத்தான் போட்டிருக்கேன், பொறவு கொறை சொல்லாதீங்க பெரியம்மா” என்றாள். திரும்பிப் போகும்போது முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

“என்னளா?”

“பொகைக்கா. பொகை.”

புகை எதிர்ப்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முத்துராணி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. உள்ளே பானைகள் சிவக்க ஆரம்பித்திருந்தன.

வெயில் சாய்கிற நேரத்தில் நிலோஃபர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். கையில் செல்போன். முகமெல்லாம் சிரிப்பு.

“ஆச்சி, பதில் வந்துட்டு.”

“நிலோபரு, நிலோபரு, பைய. தூங்குதாவ” என்று முத்துராணி குறுக்கே விழுந்தாள். “எங்கிட்டச் சொல்லு. எந்திரிச்சதும் சொல்லுதேன்.”

“இல்லக்கா, நானே சொல்லணும். காதுல சொல்லிட்டுப் போயிருதேன், தூக்கத்துலயே கேட்டுக்கிடட்டும்.”

முத்துராணி தடுப்பதற்குள் நிலோஃபர் நாற்காலியருகே மண்டி போட்டு, மண்ணுருண்டை இருந்த கையைப் பிடித்துக்கொண்டு விட்டாள். பிடித்தவளின் சிரிப்பு அணைந்தது. முத்துராணி கையில் மட்டையோடு மரமாக நின்றாள். நிலோஃபர் திரும்பவில்லை. கையையும் விடவில்லை. காதருகே குனிந்து, கொஞ்சம் கரகரத்த குரலில் பேசினாள்.

“ஆச்சி, அந்தப் பாட்டிக்குத் தொண்ணூத்தி ஒண்ணாம். உங்களுக்கு மூத்தவங்கதான். நீங்க சின்னப் பிள்ளை. உங்க கலயத்தோட படம் அனுப்பினேன்லா, அதப் பாத்துட்டு வயிறு இவ்வளவு மெல்லிசா வார மாதிரி எப்படித் தட்டுதீங்கன்னு கேட்டாங்களாம். அவங்களுக்கு அது வர மாட்டேங்குதாம்.”

எழுந்து நின்றாள். சுரிதாரின் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள்.

“மட்டையைக் குடுங்கக்கா. நான் பொளந்து தாறேன்.”

“ஒனக்கு என்னத்துக்கும்மா?”

“சும்மாத்தான் இருக்கேன்” என்றாள் நிலோஃபர். அவள் பிளந்த மட்டைகள் ஒன்றுகூட நேராக இல்லை.

சாயங்காலம் ஆனது. சூளையின் தலையில் நீல நிறமாகப் புகை மெலிந்தது. இனிதான் முக்கியமான கட்டம். பக்கத்து ஓட்டை வழியாகக் கொக்கியை விட்டு ஒரு கலயத்தை வெளியே எடுப்பார்கள். மணலில் வைத்து ஆறியதும் பேச்சித்தாய் மடியில் வைத்துச் சுண்டுவாள். காதைக் கொடுத்துக் கேட்பாள். “போதும்” என்பாள். உடனே பெருமாள்ராஜ், “எங்கன போதும்? இன்னும் ஒரு கட்டு போடணும்” என்று எகிறுவார். தெரு இரண்டு கட்சியாகப் பிரியும். முடிவில் பேச்சித்தாய் சொன்னதே நடக்கும்.

முத்துராணி எப்போதும் பெருமாள்ராஜ் கட்சி. வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான். மாமியார் எப்போதும் ஒரு கட்டு முன்னாலேயே நிறுத்திவிடுகிறாள் என்பது அவளுடைய நெடுநாளைய அபிப்பிராயம்.

தெரு கூடிவிட்டது. இந்த நேரத்துக்கு எல்லோரும் வருவது வழக்கம்தான். யாரும் நாற்காலிக்கு ரொம்பக் கிட்டே போகவில்லை. முத்துராணியே கொக்கியை விட்டு ஒரு மூடிய பானையை வெளியே இழுத்து, அதைத் திறந்து உள்ளேயிருந்த கலயத்தை எடுத்தாள். அது வைக்கோல் சுற்றிய கலயங்களில் ஒன்று. மணலில் வைத்து, சாம்பலை ஊதினாள்.

செந்தூரத்தில் நூலை முக்கி இழுத்த மாதிரி, கழுத்திலிருந்து வயிற்றைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்திருந்தது.

கூட்டத்தில் யாரோ, “அடி ஆத்தி” என்றார்கள்.

ஆறியதும் முத்துராணி கலயத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியிடம் போனாள். மாமியாரின் மடியில் வைத்தாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மறைவாகத் தன் விரலாலேயே சுண்டினாள். கணீர் என்றது. பேச்சித்தாயாக இருந்தால் இந்த ஓசைக்குப் ‘போதும்’ என்றிருப்பாள். முத்துராணியின் காதுக்கு இன்னும் ஒரு நூலளவு பாக்கி இருந்தது. தெருவின் பொங்கல் முழுக்க இந்த ஒரு சொல்லில் நின்றது. மாமியாரின் வாயில் மாமியாரின் சொல்லை வைப்பதா, தன் சொல்லை வைப்பதா?

மாமியாரின் வாயருகே காதை வைத்துக் கேட்கிற மாதிரி குனிந்தாள். நிமிர்ந்தாள்.

“அத்தை இன்னும் ஒரு கட்டு போடச் சொல்லுதாவ.”

எல்லோரும் பெருமாள்ராஜைப் பார்த்தார்கள். நாற்பது வருஷமாக அவர் கேட்ட ஒரு கட்டு இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது.

“வேண்டாம்” என்றார் பெருமாள்ராஜ்.

“மாமா?”

“மதினி அப்படிச் சொல்ல மாட்டா. அவ சொல்லுதது போதும்னுதான். சூளை வாயைப் பூசுங்கவே.” தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பேச்சித்தாயைப் பார்க்காமல் பூவரச மரத்தைப் பார்த்தபடி, “இன்னைக்குப் போயி அவள மாத்திப் பேச வைக்காதளா” என்றார்.

முத்துராணி கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இசக்கிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நிலோஃபரின் கண் சிவந்திருந்தது. ஆண்கள் யார் காலிலும் செருப்பு இல்லை. எல்லோரும் எப்போதோ கழற்றிச் சாலையோரத்தில் விட்டிருந்தார்கள். நாற்காலிக்கு முன்னால் காப்பித் தம்ளர் ஒன்றல்ல, நாலைந்து இருந்தன; ஆளாளுக்குத் தங்கள் பங்குக் காப்பியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“எல்லாருக்கும் தெரியுமா?” என்றாள்.

“ஒனக்குத் தெரியாதுன்னுல்லா நாங்க நெனைச்சோம்” என்றாள் இசக்கிச்செல்வி. “நீ பாட்டுக்குத் தூங்குதாவ, தூங்குதாவன்னு சொன்னியா. இவ நெசமாவே நம்பிக்கிட்டு இருக்கான்னு இருந்தோம்.”

ஆட்கள் குழைத்து வைத்த மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். கிழக்கு வாயில் கல்லை அடுக்கி மண்ணை அப்பினார்கள். முத்துராணி மேற்குப் பக்கம் பார்த்தாள். இனி மறைக்க முடியாது. எப்படிச் சொல்வது?

சூளையைச் சுற்றிக்கொண்டு சுடலைமணி வந்தான். முகமெல்லாம் கரி. முழங்கை வரை மண். மேற்கு வாயைத் தானே பூசிவிட்டு வந்திருந்தான்.

“இங்க பாருங்க, நான் ஒண்ணு சொல்லுதேன், சத்தம் போடக்கூடாது” என்று முத்துராணி அவன் கையைப் பிடித்தாள்.

“தலைக்குத் துண்டு வச்சது யாருன்னு நெனைச்ச?” என்றான் அவன்.

அவள் திரும்பி, தலைக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த துண்டைப் பார்த்தாள்.

“நீ தண்ணி குடிக்கப் போனேல்லா, அப்பம் வந்து பாத்தேன். ஒனக்குத் தெரிஞ்சா நீ கத்திருவியேன்னுதான் அந்தப் பக்கமே கெடந்தேன். ஆட்டுக்குட்டி செத்ததுக்கே கல்லிடைக்குறிச்சி வரைக்கும் கேக்க மாதிரி ஒப்பாரி வச்சவ நீ.”

“நானா? நீங்க ரசத்துல அழுத ஆளு.”

“அது ரசத்துல காரம்.”

முத்துராணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனுக்கும் வந்தது. இருவரும் பேச்சித்தாயின் காலடியில் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள். பார்த்த இசக்கிச்செல்வியும் சிரித்தாள். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

“ஏ, இன்னும் மண்ணு காயல. காயட்டும். பொறவு யாராச்சும் அழுங்க” என்றார் பெருமாள்ராஜ். “கொரல் எழும்புனாத்தான் துட்டி. அதுக்கு முன்னால துட்டி இல்ல. இது நம்ம தெருச் சட்டம்.”

“எப்பம் போட்ட சட்டம் மாமா?”

“மத்தியானம் கொடையைத் திருப்பி வச்சேன்லா, அப்பம் போட்டது.”

நாற்காலியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேச்சித்தாய் கல்யாணமாகி வந்த வருஷம் மாமனாரின் சக்கரத்தைத் திருட்டுத்தனமாகச் சுற்றி மாட்டிக்கொண்ட கதையைப் பெருமாள்ராஜ் சொன்னார். கலெக்டர் ஆபீஸ் கண்காட்சியில் ஒரு அதிகாரியின் மண்டையைப் பானை மாதிரி சுண்டிப் பார்த்து, “இன்னும் வேவணும்” என்று சொன்ன கதையை இசக்கிச்செல்வி சொன்னாள். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நிலோஃபர் சிவப்புக் கோடு ஓடிய கலயத்தைப் பேச்சித்தாயின் மடியில் வைத்தபடியே ஒரு படம் எடுத்தாள். “அனுப்பட்டுமாண்ணே?” என்று சுடலைமணியிடம் கேட்டாள்.

“அனுப்பு. தூங்குதாவன்னு போடு.”

சாலையில் பாபநாசம் போகும் பஸ் வந்தது. வேகத்தடைக்காக மெதுவானது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மில் வேலை முடிந்தோ உறவுக்காரர் வீட்டிலிருந்தோ திரும்புகிறவள், சூளையையும் கூட்டத்தின் சிரிப்பையும் பார்த்துத் தலையை வெளியே நீட்டினாள்.

“ஆச்சி, பானை எப்பம் கெடைக்கும்?”

சிரிப்பு சட்டென்று நின்றது. முத்துராணி எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“நாளன்னைக்கு வாங்க. நல்லா வெந்திருக்கு.”

“ஆச்சி கையால எடுத்துத் தரணும், ஆமா” என்றாள் அந்தப் பெண்.

பஸ் தடையை ஏறி இறங்கி வேகம் எடுத்தது. அவள் பேச்சித்தாயைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த வளையல் கை, பஸ் புளியமர வளைவில் திரும்பி மறையும்வரை ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டே போனது.